சம்பந்தி வீட்டுப் பூசணி

மே 6

மருந்துக்கடையில் நாள் முழுதும் நின்ற காலோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். நான்கு குடித்தனம், நான்கு வரிசை பெயிண்ட் வாளிகள். அவரவர் செடிக்கு அவரவர் தண்ணீர். பக்கத்துச் செடி கருகினாலும் ஒரு கை நீளாது. இதற்குப் பெயர் பொதுத் தோட்டமாம்!

மே 9

வீட்டுக்காரர் வந்தார். மாடியைச் செல்போன் டவருக்கு விடப்போகிறாராம். குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் நடக்கும். "மத்த மூணு வீடும் சரின்னுட்டாங்க. நீங்கதான் பாக்கி." அண்ணன் தலையாட்டப் போனான். "யோசிச்சுச் சொல்றோம்" என்று நான் முந்திக்கொண்டேன்.

மூன்று வீடும் விழுந்துவிட்டதா? கோழைகள்.

மே 10

ஆத்திரத்தோடு செடிப்பக்கம் போனேன். பூசணிக்கொடியில் பாதிப் பூக்களுக்கு அடியில் பிஞ்சே இல்லை, வெறும் காம்பு. உட்கார்ந்து தின்கிற கூட்டம்! எல்லாவற்றையும் கிள்ளி எறிந்தேன்.

மே 11

அவை ஆண் பூக்களாம். மகரந்தம் இல்லாமல் பிஞ்சு நிற்காதாம். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "புரட்சி பண்றேன்னு மாப்பிள்ளைங்களையே ஒழிச்சுட்டியேடி!"

நாளை ஒரு பெண் பூ விரியும். ஆண் பூ இருப்பது மேல்வீட்டு பாங்க்காரர் கொடியில் மட்டும். தண்ணீர்த்தொட்டிச் சண்டைக்குப் பிறகு எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காத மனுஷன். அவர் வாசலில் போய் நிற்பதா? நானா?

மே 12

நின்றேன். விடிந்தும் விடியாமல், பல்கூட விளக்காமல். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும்; மானம் பார்க்க நேரமில்லை.

கதவை ஒருக்களித்து, "என்ன?" என்றார்.

"சார், ஒரு ஆண் பூ வேணும்."

"பொண்ணு கேட்டு வருவாங்க. மாப்பிள்ளை கேட்டு வந்தது நீதாம்மா."

அவரே மாடிக்கு வந்து, பூவின் இதழ்களை உரித்து, மகரந்தத்தை எங்கள் பெண் பூவில் தொட்டுவைத்தார். நிமிராமலே சொன்னார்: "என்ன வச்சு என்ன? மாடியை எடுத்துக்கச் சொல்லி நீங்க எல்லாரும்தான் சரின்னுட்டீங்களே."

"நாங்களா? நீங்கதானே சார் சரின்னு சொன்னது?"

கீழ்வீட்டு டிரைவரையும் தையல்காரம்மாவையும் எழுப்பிக் கேட்டோம். ஒருத்தர்கூடச் சம்மதிக்கவில்லை. அடப்பாவி! நாலு வீடும் பேசிக்கொள்ளாது என்கிற தைரியம் வீட்டுக்காரருக்கு!

கோழைகள் என்று எழுதினேனே — நான் மட்டும் எந்தக் கதவைத் தட்டினேன்?

மே 16

பிஞ்சு நிற்கிறது. பாங்க்காரர் தினமும் வந்து பார்க்கிறார். அண்ணி அவரை வாய் நிறைய "சம்பந்தி" என்கிறாள். அவரும் இளிக்கிறார்.

மே 19

அளவெடுக்கும் ஆளோடு வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். நாலு வீடும் அங்கேதான் நின்றோம்.

"எல்லாரும் சரின்னுட்டீங்கல்ல?"

பாங்க்காரர் கையிலிருந்த தண்ணீர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "சம்பந்தி வீட்டைக் கேக்காம நான் எதுவும் சொல்றதில்லீங்க."

"எங்களுக்குச் சம்மதமில்ல" என்றாள் அண்ணி. டிரைவரும் தையல்காரம்மாவும் அதையே சொன்னார்கள். வீட்டுக்காரர் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. அளவு நாடா சுருண்டது, இருவரும் இறங்கினார்கள்.

ஜூலை 9

போன வாரம் பூசணியை அறுத்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் பெரிய பங்கு என்று பாங்க்காரர் வெட்கமில்லாமல் வழக்காடி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரருக்குப் பின்தெருவிலும் ஒரு கட்டடம் உண்டு. இப்போது அங்கே போய்வருகிறாராம் — ஒவ்வொரு வீடாக, தனித்தனியாக. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காயவைத்திருந்த விதைகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினேன்.

"எங்கேடி கிளம்பிட்டே?" என்றாள் அண்ணி.

"பின்தெருவுக்கு."

"யார் வீட்டுக்கு?"

"எல்லார் வீட்டுக்கும்."