முந்திச் சொன்ன சாட்சி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்பது இந்த வாரம் எனக்கே அவ்வளவு தெளிவாக இல்லை. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதி, அந்த வரியை அடித்திருக்கிறேன். மேலே பார். வேறு தாள் எடுத்திருக்கலாம், நீ அடித்ததையும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஃபோனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். ஃபோனில் முடியாது. அம்மா எப்படியிருக்காங்க என்று நீ கேட்டவுடன் என் வாய் தானாகவே, நல்லா இருக்காம்மா, என்று சொல்லிவிடுகிறது. எட்டு மாதமாக அதற்கு அப்படிப் பழக்கம். அம்மா நன்றாக இல்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கட்டி போகவில்லை. ஒருநாளும் போகவில்லை. இப்போது ஈரலிலும் இருக்கிறது. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முதல் ஸ்கேன் எடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்: பாதிக்கு மேல சுருங்கியிருக்கு, நல்ல அறிகுறி, மருந்தை நிறுத்தாதீங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சபையில், பெற்ற நன்மையை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் சொல்ல எழுந்தேன். சத்தியமாக அதை மட்டும்தான். ஸ்கேன் என்று தொடங்கியதுமே முன்வரிசையில் யாரோ அல்லேலூயா என்றார்கள். பின்னால் இன்னொருவர். அந்தச் சத்தத்துக்கு நடுவே பாதி என்ற சொல் மிகவும் சின்னதாகத் தெரிந்தது. ஆண்டவருக்குப் போதாதது போல. கட்டி இல்லாமல் போய்விட்டது என்றேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. கைதட்டல் ஓயவே இல்லை. உன் அம்மா பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவள் கைதட்டவில்லை, கைப்பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி அவள் முகத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும், டாக்டர் சொன்னது ஒண்ணு நீங்க சொன்னது ஒண்ணு, என்றாள். விசுவாசத்துல சொன்னேன் என்றேன். உங்க விசுவாசத்துக்கு மூணு மாசம் பொறுக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே உனக்கு ஃபோன் செய்தேன். உனக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ அழுதாய். பதினொரு வருடமாகக் கோயில் படியே மிதிக்காதவள், அடுத்த வாரம் நீ இருக்கும் ஊரில் ஒரு சபையைத் தேடிப் போனதாகச் சொன்னாய். கடைசி பெஞ்சுல உக்காந்து தேங்க்ஸ் மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன்ப்பா, என்றாய். எனக்கு அந்த வாக்கியம் அப்படியே நினைவிருக்கிறது. பொய்க்கு இவ்வளவு நல்லது வருமென்றால் அது பொய்யாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு இருக்கும் பயம் எல்லாம் அந்தக் கடைசி பெஞ்சைப் பற்றித்தான். நான் தந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு நீ திரும்பிப் போனாய். அந்தச் செய்தியை இன்று நானே பிடுங்குகிறேன்.

முப்பது வருடமாக எனக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. இந்தக் கடிதத்தையும் கடையின் பின்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், மத்தியானம், ஆள் வரத்து இல்லை, எதிரே எழுத்துப் பலகை விளக்கோடு எரிந்துகொண்டிருக்கிறது. தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சொல்பவர்களை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன். தங்கள் முறை வரும்வரை வெளியே நின்று கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருவார்கள். அவர்களிடம் நான் சிரித்துக்கொண்டே சொல்வது: என்னை ஏமாத்திடலாம் சார், ரோட்டைக் கடக்கும்போது லாரியை ஏமாத்த முடியாது. அப்படிச் சொல்கிறவன்தான் மூன்று மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனைத் தள்ளிப்போட்டவன். ஆமாம். அதுவும் நான்தான். சுகமாகிவிட்டது என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஸ்கேனுக்குப் போய் நின்றால், நம்பாதவன் போல ஆகிவிடும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை எடுக்கும் பெண் நம் சபைதான், பார்த்துவிடுவாள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். மூன்றாவது தடவை ஞாபகப்படுத்தவில்லை.

சுகமானவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். பாடகர் குழுவில் மறுபடி போய் நின்றாள். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் தேநீர் கொடுக்கும் பாத்திரத்தை, அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்தை, ஒரு பக்கம் அவள்தான் தூக்கினாள். முன்பு வாரம் தவறாமல் வந்து பார்த்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள், சுகமான வீட்டில் என்ன வேலை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்திருக்கிறாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டு, இவ்வளவு நேரம் குழாயைத் திறந்து வைப்பாயா என்று நான் திட்டியிருக்கிறேன். உன்னிடம் ஃபோனில் கலகலவென்று பேசினாளே, அதுவும் எனக்காகத்தான். பெற்ற பெண் முன்னால் என்னைப் பொய்யனாக்க வேண்டாம் என்று. ஒருநாள் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: எனக்குச் சரியாயிடுச்சுன்னு ஊரே சொல்லுது, எனக்கு மட்டும்தான் இன்னும் தகவல் வரல. நான் சிரித்தேன். சிரிக்கத்தான் சொன்னாள் என்று நினைத்தேன்.

போன மாதம் அவளால் படியேற முடியாமல் போனபோதுதான் அழைத்துப் போனேன். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏன் இவ்வளவு லேட்டு என்று அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். வீட்டுல வேலை டாக்டர், என்றாள் உன் அம்மா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு முடியவில்லை. உன் கல்யாண உடுப்பைத் தைத்துக் கொடுத்த தையல்காரம்மாவை உனக்கு நினைவிருக்கும். சர்க்கரை நோய், காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. என் சாட்சியைச் சபையின் மாத இதழில் அச்சிட்டிருந்தார்கள், அதை வெட்டித் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். தினமும் அதைப் படித்துவிட்டு, இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெஷினை மிதிக்கும் கால். நான் பார்க்கப் போனேன், ஆறாவது வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். கோபமாக இருப்பார் என்று தயாராகப் போனேன். கோபம் இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உங்களைத்தாண்ணே நினைச்சுக்கிட்டே இருந்தேன், அக்காவுக்குச் செஞ்ச ஆண்டவரு எனக்கும் செய்வாருன்னுதான் ஊசியை நிறுத்தினேன், எனக்குத்தான் விசுவாசம் பத்தல, எங்க குறைஞ்சேன்னு நீங்கதான் சொல்லித்தரணும், என்றார். சொல்லித்தர வேண்டுமாம். நான். அப்படியெல்லாம் இல்லம்மா என்று முனகிவிட்டு, கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். மாடிப்படியில் தீ விபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பலகை இருந்தது. அதை முழுவதும் படித்தேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை.

நேராகப் போதகரிடம் போய், சபையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். நல்ல மனிதர், அவரைத் தப்பாக நினைக்காதே. பொறுங்க பிரதர், கர்த்தர் இன்னும் முடிக்கல, இப்பப் போய்ச் சொன்னா பலவீனமானவங்க விழுந்துடுவாங்க, என்றார். ஒருத்தங்க விழுந்தாச்சு பாஸ்டர், கால் இல்லாம, என்றேன். அவர் வெகுநேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, சாட்சி நேரம் எல்லாருக்கும் பொது, நான் தடுக்க மாட்டேன், என்றார். ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். என்னைப் பார்த்ததுமே முன்வரிசையில் சிலர் புன்னகைத்தார்கள், அடுத்த நல்ல செய்தி என்று. டாக்டர் சொன்னது சுருங்கியிருக்குன்னு, போயிடுச்சுன்னு சொன்னது நான், மறுபடி பார்க்காம விட்டதும் நான், இப்ப அது ஈரலுக்கு வந்திருக்கு, என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பழக்க தோஷத்தில் ஒருவர் அல்லேலூயா என்றுவிட்டார். பாவம், அதை மறைக்க இருமினார். நான் உட்கார்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த தபால்காரர் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். பாடவில்லை, ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் உன் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்: இனிமே நோவுதுன்னு சொல்லலாமா? சொல்லு என்றேன். நோவுது என்றாள். இரண்டு நிறுத்தம் கழித்து மறுபடியும் சொன்னாள். இத்தனை மாதமும் சொல்லாமல் வைத்திருந்தது.

மறுநாள் தையல்காரம்மாவிடமும் போய்ச் சொன்னேன், சபையில் சொன்னதை வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால். கேட்டுக்கொண்டே இருந்தார். அப்ப எனக்கு விசுவாசம் குறைவில்லையாண்ணே, என்றார். இல்லைம்மா, உங்களுக்குக் குறைவே இல்லை, என்றேன். முகத்தில் ஏதோ இறங்கியது, நிம்மதி மாதிரி. பிறகு போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். அப்ப என் காலு எதுக்குப் போச்சு, என்றார். இந்தத் தடவை வெளியே ஓடவில்லை, உட்கார்ந்திருந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து நர்ஸ் வந்துதான் எழுப்பினார். நாளைக்கும் வாங்க என்றோ, வராதீங்க என்றோ அவர் சொல்லவில்லை. தினமும் போகிறேன். சில நாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

கிருபை என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கடிதத்தில், ஃபோனில், கல்யாணத்தில், சாவில். சுகம் வந்தால் கிருபை, வேலை கிடைத்தால் கிருபை. ஆக, கிடைத்ததற்கெல்லாம் நான் வைத்த பெயர் அது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் அதன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. நான் செய்ததற்கு மன்னிப்பு மட்டும் எனக்கு, வலி அவர்கள் இரண்டு பேருக்கும் என்றால், அதை எப்படிக் கைநீட்டி வாங்குவது. நேற்று உன் அம்மாவிடம் கேட்டேன், நீ இன்னும் கர்த்தரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா என்று. யோசித்துத்தான் சொன்னாள். கையில வலுவே இல்லைங்க, நான் எதையும் பிடிச்ச மாதிரி தெரியல, ஆனா இன்னும் கீழ விழல, அது ஏன்னு எனக்கும் புரியல, என்றாள். நான் விழுந்துகொண்டே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், மாத்திரை நேரமாச்சு எடுங்க, என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

நீ வர வேண்டும். டாக்டரம்மா மாதக் கணக்கில்தான் பேசுகிறார், அதுவும் சின்ன எண்ணாக. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. எதையும் வாங்கிக்கொண்டு வராதே, அம்மாவுக்கு எதுவும் இறங்குவதில்லை, மிருதுவான தலையணை உறை இரண்டு இருந்தால் கொண்டு வா. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஃபோன் செய்யாதே, ஒரு நாள் விட்டுச் செய், முதலில் அம்மாவிடம் பேசு, நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். நோவுகிறது என்று அவள் சொன்னால் சொல்லவிடு, ஆறுதல் சொல்லி அடைத்துவிடாதே. என்னைத் திட்ட வேண்டியதைத் திட்டு, அவள் காதில் விழாமல். அந்தக் கடைசி பெஞ்சுக்கு இனிமேல் போவதும் போகாததும் உன் இஷ்டம். என் சொல்லை நம்பிப் போனாய், என் சொல்லால் விட்டுவிட்டாய் என்று மட்டும் இருக்க வேண்டாம். ஆண்டவர் நான் இல்லை. இவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்கு இப்போது உறுதியாகத் தெரியும்.

உன்னை ஆசீர்வதிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அது என்னிடம் இல்லை, ஆகவே உன் அம்மா காலையில் சொல்லியனுப்பியதை எழுதுகிறேன்: கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காப்பாராக, பயணத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குளிர் பிடித்துக்கொள்ளாதே. எனக்காக ஒன்று கேட்கிறேன், கேட்கும் உரிமை இல்லை என்று தெரிந்தே. சாப்பிடுவதற்கு முன் ஜெபம் செய்வது முன்பெல்லாம் நான். இப்போது அம்மா செய்கிறாள், மூச்சு வாங்க வாங்க, நாலே வரி. முடிவில் நான் ஆமென் சொல்கிறேன். என்னால் முடிவது அந்த ஒரு சொல்தான், அதையும் அவள் ஜெபத்தின் மேல்தான் வைக்க முடிகிறது. அவளுக்குப் பிறகு அதை எங்கே வைப்பேன் என்று தெரியவில்லை. நீ வந்திருக்கும் நாட்களில், மனம் இருந்தால், மேசையில் ஒரு வரி நீ சொல். நம்பிக்கையில்லாமல் சொன்னாலும் பரவாயில்லை. நான் ஆமென் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா