அலசிக் கொட்டிய அடுக்குகள்

1938, மாசி, புதன் இரவு.

கோபம் இன்னும் அடங்கவில்லை. மணமேல்குடிக் கடலில் இரும்புக் குழாயை இறக்கி எடுத்த சேற்றை, அடுக்குக் குலையாமல் கல்லூரிக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வோர் அடுக்கிலும் சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்த்தால், பனியுகங்கள் வந்துபோன தடயம் கிடைக்கும் என்று நம்பினேன்.

ஆய்வுக்கூட உதவியாளன் கருப்பையா, சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்க் குடும்பத்தில் பிறந்தவன். சேறு முழுவதையும் அலசிக் கொட்டிவிட்டு, சிப்பிகளை மட்டும் வெள்ளை வெளேரென்று தட்டில் நீட்டினான்.

"சிப்பிதானங்க காளவாய்க்கு ஆகும்? சேத்த வச்சு என்ன பண்றது?"

எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கடல்ல எல்லாமே அடியிலதாங்க கெடக்கும்."

தட்டைத் தூக்கி எறிந்தேன். அதைப் பெருக்கவும் அவனையே கூப்பிட வேண்டியதாயிற்று.