பாலையா நின்ற தெரு

திருப்பதி
4-2-1956

அன்புள்ள வேதாச்சலத்துக்கு நாகபூஷணம் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம், கடைக்குத்தான் அரை உயிர். எல்லைத் தகராறு வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒரு கடையடைப்பு. சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று கத்திக்கொண்டு போகிறார்கள். யாத்திரைக்காரன் எங்கே நின்று படம் வாங்குவான்?

நீ வரைந்து அனுப்பியது வந்தது. போன மாதம் கடையடைப்பு அன்று நீ இங்கே வந்திருந்தபோது எங்கள் தெரு இருந்த இருப்பு அப்படியே. பின்னால் மலை, முன்னால் சந்தனம் பூசின மொட்டைத் தலைகள், உருண்டு கிடக்கிற தேங்காய், ஓடுகிற ஜனம். நடுவில் நம் ஜட்காக்காரன் பாலையா, ஓங்கின கையில் கல். சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டிவிட்டேன். ஒரே கூட்டம். பாலையாவும் வந்து பார்த்துவிட்டு, "என் குதிரையோட நொண்டிக் காலைக்கூட விடலையே இந்த ஆளு" என்று சிரித்தான்.

படம் அனுப்பத் தெரிகிறது, கூட ஒரு வரி எழுதத் தெரியாதா?

உன்
நாகபூஷணம்


திருப்பதி
19-2-1956

வேதா,

நேற்று இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். போகிற வழியில் ஜட்கா ஸ்டாண்டிலிருந்து பாலையாவையும். அன்றைக்குக் கல் பட்டு ஒரு கான்ஸ்டபிளுக்குக் கண் போனது உனக்குத் தெரியும். அன்று கல் எடுக்காத கை எது? ஆனால் படத்தில் இருப்பது இவன் கை ஒன்றுதான். சித்தூர் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். கற்பனையில் போட்டது என்று சொல். வேறு ஒன்றும் பேசாதே. அவன் பெண்டாட்டி வெங்கடம்மா கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

நாகபூஷணம்


சித்தூர்
23-2-1956

அன்புள்ள நாகபூஷணம்,

சம்மன் வந்துவிட்டது. கற்பனை என்று எப்படிச் சொல்வேன்? பூக்காரி கன்னியம்மாளுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்றுகூடப் பார்த்துத்தான் போடுகிறவன் நான்.

நான் பார்த்தது இதுதான். எவனோ அந்தக் குதிரையைத் தடியால் அடித்தான். பாலையா அவன்மேல் கல்லை விட்டான். அது சாக்கடையில் விழுந்தது. போலீஸ் நின்றது எதிர்ப்பக்கம். கையில் கல் இருப்பதைப் படத்தில் காட்டலாம், அது எங்கே போய் விழுந்தது என்று காட்ட முடியுமா? அதை வாயால் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் மாட்டுவாய் என்று தெரிந்திருந்தால் முகமே இல்லாமல் வரைந்திருப்பேன்.

வேதாச்சலம்


திருப்பதி
26-2-1956

வேதா,

முகம் இல்லாத படம் எனக்கு எதற்கு? நான் வியாபாரி, நல்ல சரக்கை வாசலில்தான் வைப்பேன்.

உண்மையைப் பேசிவிட்டு நீ நிம்மதியாகத் தூங்குவாய், அவன் களி தின்பான். "கல்லை எடுத்தான்" என்று நீ சொன்னதுமே கோர்ட்டில் பேனா ஓடிவிடும். சாக்கடைக் கதை யார் காதில் விழப்போகிறது?

நான் சொல்கிறபடி செய். தெருப்படம் இன்னும் நாலஞ்சு போடு. எல்லாவற்றிலும் பாலையா இருக்கட்டும். ஒன்றில் வெற்றிலை போடட்டும், ஒன்றில் மலையடியில் அலிபிரியில் சவாரி இறக்கட்டும். பழைய தேதி எழுது. கறுத்துப்போன சட்டங்கள் என்னிடம் கிடக்கின்றன. தெரு என்றால் பாலையாவைப் போடுவது இந்தப் பெயிண்டருக்கு வழக்கம், அன்று அவன் இருந்தானோ இல்லையோ என்று நம் வக்கீல் அடித்துப் பேசுவார். கேட்டுவிட்டேன், சரி என்றார்.

நாகபூஷணம்


சித்தூர்
10-3-1956

நாகபூஷணம்,

பாலையாவைப் பார்க்க விட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டான். "குதிரைக்குப் புல்லு போட்றாங்களா" என்று மட்டும் கேட்டான். என்மேல் ஒரு கோபமும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

படங்களை மருமகனிடம் கொடுத்தனுப்புகிறேன். பார்க்காததை வரைந்து பழக்கமில்லை, கை வரவில்லை. உற்றுப் பார்க்காமல் சட்டத்தைப் போட்டுவிடு. கோர்ட்டில் நீ சொன்னபடியே சொல்கிறேன்.

வேதாச்சலம்


திருப்பதி
2-4-1956

வேதா,

ஜெயிலில் பேதி கண்டு பாலையா போன சேதி எனக்கு முன்னாலேயே உனக்கு வந்திருக்கும். எடுக்கிற அன்று நீ வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாய் என்று கன்னியம்மாள் சொன்னாள். கடைக்காவது வந்திருக்கலாம்.

ஆள் போனதும் கேஸும் போயிற்று. படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போட்டோ ஒன்றும் கிடையாது, ஒரு படம் வேணும் என்று வெங்கடம்மா வந்தாள். நீ பிறகு அனுப்பியதை எல்லாம் பரப்பி வைத்தேன். அந்தப் பழைய படத்தை மட்டும் பின்னால் தள்ளிவிட்டேன்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது யாருண்ணா?"

"உன் வீட்டுக்காரன்தான்மா."

"இல்ல. அவரு இப்படியா சிரிப்பாரு?"

அப்புறம் பின்னால் கையை விட்டு அதையே இழுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுலதான் இருக்காரு."

அவனைக் கொண்டுபோனதே அந்தப் படம்தான் என்றேன். தெரியும் என்றாள். கல் தெரியாமல் அந்தக் கைமேல் காகிதம் ஒட்டித் தருகிறேன் என்றேன். "கை இருக்கட்டும். குதிரையை அடிச்சா அவருக்கு அப்படித்தான் வரும்."

நானே அவள் வீட்டுக்குப் போய் ஆணி அடித்துக் கொடுத்தேன். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தில் அவனைத் தவிர மற்ற எல்லாரும் உயிரோடு இருக்கிறவர்கள், ஓரத்தில் அவளே கூடையோடு நிற்கிறாள். யார்மேலும் பட்டுவிடாமல், துடைப்பக் குச்சி நுனியில் தொட்டு, அவன் நெற்றியில் மட்டும் வைத்தாள்.

மற்ற படங்களை யாத்திரைக்காரர்கள் கேட்கிறார்கள். திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன். கடை வாசல் ஆணி காலியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

படம் எதுவும் அனுப்பாதே. ஒரு கார்டு போடு.

நாகபூஷணம்