மூதூரில் மறந்த குடை

9.3.1976, செவ்வாய்

வடிவமைப்பு முதுமாணிப் பட்டத்துக்கான என் ஆய்வு ஒரு சின்ன வாங்கை நம்பி நிற்கிறது. பெண்கள் நிலத்தில் குந்தாமல் அதில் உட்கார்ந்து மீன் வெட்டலாம். மூதூரிலும் நிலாவெளியிலும் சில வீடுகளுக்குச் செய்து கொடுத்தேன். எல்லோரும் நல்லதென்றார்கள். அதை வைத்து எழுதிய அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை பேராசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

இன்று மூதூரில் ஆயிஷா ராத்தாவும், "சோக்கான சாமான் தங்கச்சி" என்றார். லோஞ்ச் படகில் ஏறப் போனபோதுதான் குடையை அங்கே விட்டது நினைவு வந்தது. திரும்பிப் போனேன். ராத்தா நிலத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வாங்கில் கோழி அடை கிடந்தது.

"ஏன் ராத்தா எனக்குச் சொல்லயில்ல?"

"வீடு தேடி வந்த பிள்ளையிட்ட சரியில்லையெண்டு சொல்ல ஏலுமா? இதுல இருந்தா நான் மேல, மீன் கீழ. ராணியெண்டா அப்பிடி இருந்து வெட்டுவா!" சிரித்தபடி தேத்தண்ணீர் ஊற்றப் போனார்.

அத்தியாயத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. மற்றவர்களும் மரியாதைக்குத்தான் சொன்னார்களோ? அப்படியென்றால் இந்த இரண்டு வருடமும்...

நாளை நிலாவெளிக்குப் போகிறேன். அங்கேயும் குடையை மறந்துவிட்டு வர வேண்டும்.