அதிசயம் என்று ஒரு பெயர்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

எப்படி இருக்கிறாய்? நம் பிள்ளையை அடக்கம் செய்த கையோடு நீ அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து இந்தப் போதகர் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. நேற்று பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் பண்ணிவிட்டேன். நீ பார்த்திருந்தால் எனக்கு நல்ல வசவு கிடைத்திருக்கும்.

கல் செதுக்குகிறவர் வந்திருந்தார். "ஐயா, கல்லறையில என்ன பேரு வெட்டணும்?" என்று கேட்டார். வயிற்றில் இருக்கும்போதே நாம் வைத்த பெயர் இருக்கிறதே, 'அதிசயம்', அதையே வெட்டச் சொல்லட்டுமா? வருகிற ஞாயிறு முதல், தீர்க்கதரிசிகள் மேசியாவுக்காகக் காத்திருந்ததைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்யப்போகிறேன். முன்வரிசையில் நீ இல்லாவிட்டால் எனக்கு நாக்கே எழாது. வந்துவிடேன்.

உன் கணவன்

மார்ச் 11

அன்புள்ள அத்தானுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அக்காவின் தையல் கடையில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறேன். கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. "அழுது தொலையேன்டி, உன்னப் பாத்தா பயமா இருக்கு" என்கிறாள் அக்கா. அழுகை வரவில்லை, நான் என்ன செய்ய?

அந்தப் பெயர் வேண்டாம். அது வரப்போகிற மேசியாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி சொன்ன பெயர்: 'நமக்கு ஒரு குமாரன் கொடுக்கப்பட்டார், அவர் நாமம் அதிசயமானவர்.' கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து நான் உண்டானதும், அந்த வாக்கு நமக்கென்றே வந்தது என்று மேடையில் சொன்னீர்கள். சபையே ஆமென் போட்டது. நானும்தான் போட்டேன். உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், அதுவும் வரவில்லை.

அடுப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவையுங்கள்.

உங்கள் மனைவி

மார்ச் 15

என் வாயாடிக்கு,

நீ சொன்னது சரி. எதிரி வாசல் வரை வந்து, ராஜா நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் யூத ஜனங்களுக்குக் கிடைத்த வாக்கு அது. பல நூற்றாண்டு கழித்து அது இயேசுவில் நிறைவேறியது என்று நாம் விசுவாசிக்கிறோம். நான் அதை நம் வீட்டு வாசலுக்கும் இழுத்து வந்துவிட்டேன். ஆனால் ஆசைப்பட்டது தப்பா, சொல்.

மனம் தளராதே. கர்த்தர் நமக்கு இன்னொரு குமாரனைத் தருவார் என்று என் உள்ளம் சொல்கிறது. சபை மூப்பர்களும் அதற்காகவே ஜெபிக்கிறார்கள். கல்லுக்கு ஒரு பெயர் சொல்லிவிடு.

உன் கணவன்

மார்ச் 22

அத்தானுக்கு,

இன்னொரு குமாரனா? முதல் குமாரன் எங்கே? நமக்குப் பிறந்தது மகள். வாக்கில் குமாரன் என்று இருந்ததால் நீங்களும் கடைசிவரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மூச்சில்லாதவளைத் தாதி என் கையில் கொடுத்தபோது, நீங்கள் வராந்தாவில் மூப்பர்களோடு ஜெபத்தில் இருந்தீர்கள். பெட்டியை மூடின பிறகுதான் உள்ளே வந்தீர்கள்.

ஏசாயா சொன்னதைக் காதால் கேட்ட பெண்களும் இருந்திருப்பார்களே. வருவார், வருவார் என்று இருந்து, பார்க்காமலே செத்துப்போனவர்கள். அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் பிரசங்கித்ததில்லை. வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு படிக்கிறோம், அதனால் அவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. இயேசு வந்தார் என்று இப்போதும் நம்புகிறேன், அது போகவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெண்கள் பக்கத்தில்தான் உட்கார முடிகிறது.

கல்லில் மகள் என்று வெட்டச் சொல்லுங்கள். அது உங்களால் முடியாதென்றால் நான் திரும்பி வரமாட்டேன்.

உங்கள் மனைவி

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

கல் நட்டாயிற்று. 'எங்கள் மகள்' என்று இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையில், "எனக்கு ஒரு மக பிறந்தா. செத்துப் பிறந்தா" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பிறகு, பார்க்காமலே செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவர்களும் அந்த வாக்கின் நிறைவேறுதலைத் தூரத்திலிருந்து கண்டு மகிழ்ந்தார்கள் என்று சொல்லி முடிப்பதுதான் என் வழக்கம். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. இறங்கிப்போய் முன்வரிசையில் உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூப்பர் ஒருவர் எழுந்து பாட்டைத் தொடங்கிவிட்டார்.

இனிமேல் உன்னை வா என்று எழுதமாட்டேன். நான் அங்கே வரட்டுமா? அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா