குரல் நன்றாகத்தான் இருந்தது

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை, இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறேன். வாராவாரம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பயப்படுவாய். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். போனில் சொன்னால் நீ விஷயத்தைக் கேட்க மாட்டாய், குரலைத்தான் கேட்பாய். கொரோனாக் காய்ச்சல் விட்ட பிறகு மாடி ஏறும்போதெல்லாம் எனக்கு மூச்சில் விசில் அடித்ததே, அப்போதும் அப்படித்தான் ஆயிற்று. உன் அம்மா பதறிப்போய் உனக்குப் போன் போட்டாள், நீ என்னை நாலு வார்த்தை பேசச் சொல்லிவிட்டு, "குரல் கணீர்னு இருக்கேப்பா, உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றாய். குறை சொல்லவில்லை. ஏலம் போடுகிறவன் வீட்டில் உடம்பைப் பற்றிக் குரலைத் தவிர வேறு எதை நம்புவார்கள்? தெருமுனை டாக்டரும் அதையேதான் நம்பினார், இளைப்பு என்று சொல்லி உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார், நானும் பக்தியோடு உறிஞ்சினேன்.

பிறகு நடந்ததை அம்மா உனக்கு அழுகையோடு கலந்து சொல்லியிருப்பாள், அழுகையைக் கழித்துவிட்டு நான் எழுதுகிறேன். தொண்டைக்குள் இரண்டு மடிப்பு இருக்கிறது, இரட்டைக் கதவு மாதிரி. பேசும்போது சேரும், மூச்சு இழுக்கும்போது விலகும். அந்தக் கிருமி எனக்கு நுரையீரலை விட்டுவிட்டு அந்தக் கதவை ஆட்டும் நரம்புகளைப் படுக்க வைத்துவிட்டது. மடிப்பு இரண்டும் சேர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டன. சேர்ந்து நின்றதால் குரல் கணீர், விலகாததால் மூச்சு இல்லை. ஆக, நான் நன்றாகப் பேசியதில்தான் ஆபத்தே இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவை விட்டுப் பார்த்து, இந்தக் காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆவது அபூர்வம் என்று முகம் மலர்ந்தார். என்னை அபூர்வம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். மாணவர்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைத்துக் காட்டினார். மருத்துவப் பத்திரிகையில் உங்கள் தொண்டைப் படத்தைப் போடலாமா, யாரென்று தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். தொண்டைக்குழியைப் பார்த்து என்னை அடையாளம் சொல்லும் அளவுக்கு நெருங்கிய சொந்தம் எனக்கு யாருமில்லை, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். நரம்பு தானாகத் திரும்பினாலும் திரும்பும், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார்கள். உன் அம்மாவுக்கு அதே காய்ச்சல் மூக்கோடு நின்றுவிட்டது, ஆனால் ஒழுங்காக நிற்கவில்லை. வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிறது என்கிறாள், காபியில் சாக்கடை வாடை என்கிறாள். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சமைக்கிறாள், நான் தொண்டைத் துளையைப் பொத்திக்கொண்டு பிரமாதம் என்கிறேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. துளையை ஒரு விரலால் மூடினால் பேச்சு வருகிறது என்பதால் நான் மறுபடி ஏலக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் அம்மா மாற்றுக் குழாயும் சளி உறிஞ்சும் பம்பும் வைத்த பையோடு கூடவே வந்து, விலை போகாத நாற்காலி ஒன்றில் கடைசியில் உட்கார்ந்திருப்பாள். போன வாரம் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று ஏலத்துக்கு வந்தது. லாட்ஜ்காரருக்கும் பழைய மரச்சாமான் கடைக்காரருக்கும் போட்டி. ஒரு தரம் சொன்னேன், ரெண்டு தரம் சொன்னேன், மூன்றாவது வரவில்லை. சளி கட்டியாகிக் குழாயை அடைத்துவிட்டது. உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை. கையைத் தூக்கினேன், லாட்ஜ்காரர் விலையை ஏற்றினார். கையை ஆட்டினேன், கடைக்காரர் அதற்கு மேல் ஏற்றினார். அவர்கள்மேல் தப்பில்லை. நான் பேச்சை நிறுத்திக் கையைத் தூக்கினால் விலை போதாது என்று அர்த்தம், இத்தனை வருஷமாக அவர்களை அப்படிப் பழக்கியவன் நான்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது, மேஜையைத் தட்டினேன், கூடமே சுறுசுறுப்பானது. இன்னிக்குப் பெரிசு நல்லா விளையாடுது என்று முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். அத்தனை பேரில் ஏலம் தெரியாதவள் உன் அம்மா ஒருத்திதான், அதனால் அவளுக்கு மட்டும் புரிந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து, குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்த உள்குழாயை உருவி எறிந்தாள். எனக்கு மூச்சு வந்த சத்தத்தையே மூன்றாம் தரமாக எடுத்துக்கொண்டு அலமாரியை லாட்ஜ்காரருக்கு முடித்துவிட்டார் முதலாளி.

அதற்குப் பிறகு உன் அம்மா தூங்குவதில்லை. குளிக்கப் போனாலும் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. எதிரில் உட்கார்ந்து என் கழுத்தையே பார்க்கிறாள், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்ப்பது போல. டாக்டரிடம் போனோம். மறுபடி கேமரா விட்டார், வருஷம் முடிந்துவிட்டது, கதவு அசையவில்லை, இனி அசையாது என்றார். லேசரால் ஒரு மடிப்பில் கொஞ்சம் வெட்டி எடுத்தால் வழி திறக்கும், குழாயை எடுத்துவிடலாம், ஆனால் குரல் போய்விடும், காற்றுதான் வரும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இல்லையென்றால் குழாயோடு பேசிக்கொண்டே இருக்கலாம், அடைக்கும்வரை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அவளைக் கேட்டேன். "பேசுற மனுஷன் எனக்கு வேண்டாங்க, பக்கத்துல இருக்கிற மனுஷன் போதும்" என்றாள். இத்தனை வருஷம் நான் பேசியதற்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் கிடையாது. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெருந்தன்மையோடு போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, வேண்டா வெறுப்பாகத்தான் போட்டேன். என்னிடம் இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். முதலாளி நல்ல மனிதர், கிடங்கில் சாமான்களுக்கு எண் ஒட்டுகிற வேலை தருகிறேன் என்றிருக்கிறார். அங்கே யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லையாம்.

நீ கிளம்பி வர வேண்டாம். கைக்குழந்தையோடு அத்தனை தூரம் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதால் யாருக்கும் மூச்சு வரப்போவதில்லை. அம்மாவுக்குத் துணையாக உன் சித்தி வருகிறாள், இரண்டு பேரும் சண்டை போட்டாவது சாப்பிடுவார்கள். மாப்பிள்ளைக்குச் சளி என்றாயே, அலட்சியம் வேண்டாம். ஆனால் அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்காதே, மாடிப்படி ஏறச் சொல்லிப் பார். குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், எதற்கும் காத்திருக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக்கூடாது.

திங்கட்கிழமை வெட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய், நீ பேசாதே, நான் பேசுகிறேன், விரல் வலிக்கும்வரை பேசுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அதைப் பதிவு செய்துவிடாதே. செய்தால் உன் அம்மாவுக்கு அனுப்பாமல் இருக்க மாட்டாய், அவள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்பாள், பக்கத்தில் உயிரோடு உட்கார்ந்துகொண்டு என்னால் அதைக் கேட்க முடியாது.

ஆசிகளுடன்,
உன் அப்பா