ஜெஸ்ரினின் செஸ்நட் மரம்

30 செப்டம்பர் 2024, திங்கள்

காய் விழத் தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்குக் கேற்றைத் திறந்தபோது வடக்குச் செஸ்நட் வரிசையின் கீழ் முள்ளுக்கூடுகள் வாய் பிளந்து கிடந்தன. சப்பாத்தால் உருட்டி மிதித்தால் உள்ளே மூன்று கொட்டை. நடுவில் உள்ளது தடித்து, பக்கத்தில் இரண்டும் சப்பை. அணில்கள் எனக்கு முதலே வந்துவிட்டன. அது அவற்றின் பங்கு. இயற்கைக்கென்று விட்ட இந்தக் காணியின் விதி அப்படி: விழுவதில் பாதியைத்தான் நாங்கள் பொறுக்கலாம். மிச்சம் பறவைக்கும் அணிலுக்கும் வளை தோண்டுகிற பட்ஜருக்கும். மரத்தை உலுப்பக் கூடாது. செத்த கொப்பை வெட்டக் கூடாது, அதற்குள் வண்டு குடியிருக்கும். வேலைக்கு வந்த புதிதில் இதெல்லாம் விசர்க் கதையாகத் தெரிந்தது. ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது புதிதாக வருகிற தொண்டர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

லண்டனில், நோர்பரிக்குத் திரும்பும் பஸ் இன்றும் பிந்தித்தான் வந்தது. இவருக்குப் பின்னேர ஷிப்ட். சமைக்கவில்லை. பாணும் நேற்றைய சம்பலும்.

5 ஒக்டோபர், சனி

பொறுக்கும் நாள். பதினாறு தொண்டர்கள். பெர்னடெற் அக்கா காலைப் பூசை முடித்து ஸ்ட்ரெதமிலிருந்து நேரே வந்துவிட்டார், பூசைக்குப் போட்ட உடுப்போடு. வந்தவுடன் வழக்கம்போல முதலில் மகளின் மரத்தடிக்குப் போனார். ஜெஸ்ரின் இரத்தப் புற்றுநோயில் போனபோது வயது பத்தொன்பது. அந்த வருடம், 2012இல், அக்கா இங்கே ஒரு கன்று நட அனுமதி கேட்டு வாங்கினார். மரம் நன்றாக வளர்ந்தது. ஆனால் காய் எப்போதும் பொடி.

இந்த முறை அப்படியில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒட்டுக் கட்டிய இரண்டு கொப்பிலும் பெரிய காய்கள், உள்ளங்கையில் ஆறு வைத்தால் நிறைந்துவிடும். அக்கா ஒன்றைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இருந்திருந்தா இப்ப அவளுக்கு முப்பத்தொரு வயது," என்றார். பிறகு, உமக்கு நல்ல கைராசி பிள்ளை என்று என் கையில் நாலு காயைத் திணித்தார்.

சந்தோஷமாக இருந்தது. ஏன் இல்லை என்று எழுதவேண்டும்?

9 ஒக்டோபர், புதன்

ஜெஸ்ரினின் மரத்தில், ஒட்டுக்குக் கொஞ்சம் கீழே, பட்டை குழி விழுந்து வெடித்திருக்கிறது. வெடிப்பைச் சுற்றி குண்டூசித் தலை அளவில் செம்மஞ்சள் பொட்டுகள். கத்தி நுனியால் பட்டையை உரித்தேன். உள்ளே வெளிறிய மஞ்சளில் விசிறி விரித்த மாதிரிப் பூஞ்சணம்.

இதே பூஞ்சணத்தின் படம் எங்கள் கொட்டிலின் சுவரில் ஒட்டியிருக்கிறது. செஸ்நட் பிளைட். பட்டையைச் சுற்றித் தின்று மரத்தை நிற்கவைத்தே கொல்லும் நோய். தேநீர் குடிக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

10 ஒக்டோபர், வியாழன்

நான் ஒட்டுக் கட்டிய ஆறு மரத்தையும் பார்த்தேன். நாலில் இருக்கிறது. கட்டாத மரங்களில் ஒன்றில்கூடக் காணவில்லை.

இதை நான் இந்தக் கொப்பியில்கூட எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். 2022 மாசியில் பரிஸில் தங்கச்சி கஜந்தினி வீட்டுக்குப் போய் வந்தபோது, அவளுடைய புருஷனின் முதலாளியின் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு ஒட்டுக்குச்சி கொண்டுவந்தேன். அங்கே மறோன் என்கிற பெரிய காய் இனம். ஈரத் துவாயில் சுற்றி, பாண் பையில் வைத்து, உடுப்புக்கு நடுவில். திரும்பி வந்த கோச் பஸ்ஸில் ஒருவரும் பையைத் திறக்கச் சொல்லவில்லை. பேப்பர் இல்லாமல் வெளியிலிருந்து ஒரு இலைகூடக் காணிக்குள் வரக்கூடாது என்று பயிற்சியில் கையெழுத்துப் போட்டவள் நான். தெரியாமல் செய்யவில்லை.

என்னத்துக்குச் செய்தனான்? ஒருத்தரும் கேக்கேல்லையே. என்ரை கெட்டித்தனத்தைக் காட்ட. சனியன் பிடிச்ச குச்சி.

14 ஒக்டோபர், திங்கள்

வெடிப்பை மட்டும் அபிஷேக்கிடம் காட்டினேன். அவர்தான் இந்தக் காணியின் மனேஜர், கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். மரத்தடியில் முழங்கால் போட்டு வெகுநேரம் பார்த்தார். எழும்பியபோது காற்சட்டை நனைந்திருந்தது. உடனே கேற்றைப் பூட்டச் சொன்னார். நல்ல வேளை நீங்க பார்த்தீங்க அக்கா என்றார்.

நான் தலையாட்டினேன்.

17 ஒக்டோபர், வியாழன்

தாவர நோய் இன்ஸ்பெக்டர் வந்து பட்டைத் துண்டுகளை எடுத்துப் போனார். சப்பாத்து அடியைத் தேய்த்துக் கழுவாமல் எங்களை வெளியே விடவில்லை.

4 நவம்பர், திங்கள்

பிளைட்தான். இனி நாலு மரக் கதை இல்லை. காணியிலுள்ள முப்பத்தெட்டு செஸ்நட்டையும் வெட்டி இங்கேயே எரிக்க உத்தரவு. இருநூறு வருடத்துக்கு மேல் நிற்கிற மூன்று கிழ மரங்களும் அதற்குள். சனிக்கிழமைக் கடைக்கென்று சாக்கில் கட்டி வைத்த காய்களையும் எரிக்கவேண்டும்.

நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். 2019இல் கென்ற் மாவட்டத்தில் ஒரு சின்ன நர்சரியில் பன்னிரண்டு கன்று வாங்கியிருந்தோம். பற்றுச்சீட்டில் அபிஷேக்கின் கையெழுத்து. வெளியிலிருந்து வந்ததாகப் பதிவில் இருப்பது அது ஒன்றுதான். அந்த நர்சரியில் ஒரு கன்றுகூட விற்கக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

அபிஷேக் தன் பழைய பைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்க தப்பு பண்ணினேன் என்று இரண்டு தரம் கேட்டார். என்னிடம் இல்லை, பைலிடம்.

8 நவம்பர், வெள்ளி

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நீர் சொன்னாலும் அந்த மரங்கள் நிக்கப் போறேல்லை," என்றார். "வேலை போகும். கேஸும் வரலாம். வாயைத் திறக்காமல் இரும்." மூன்று நாடு தாண்டி, எத்தனை பேப்பருக்காக எத்தனை வருடம் காத்திருந்து இங்கே வந்து சேர்ந்த மனிசன். அதிகாரிகளின் கடிதம் வந்தால் உறையைக்கூட என்னைத்தான் உடைக்கச் சொல்வார். அவரில் பிழை சொல்லமாட்டேன்.

மரங்கள் நிற்கப் போவதில்லை. அது சரி. ஆனால் நர்சரி?

15 நவம்பர், வெள்ளி

நர்சரிக்காரி இன்றும் அபிஷேக்குக்குப் போன் எடுத்தார். ஒவ்வொரு நாளும் எடுக்கிறார். கொட்டில் சின்னது, அவருடைய குரல் எனக்கும் கேட்டது. கன்று விற்கிற காலமே இதுதானாம். தை, மாசிக்குள் போகாத கன்று நெருப்புக்குத்தானாம். தகப்பனும் மகளுமாக நடத்துகிற இடம். தகப்பன் இப்போது கட்டிலை விட்டு எழும்புவதில்லையாம். உங்களுக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டார்.

அபிஷேக் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். நான் கையுறைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

18 நவம்பர், திங்கள்

இன்றைக்குச் சொல்வதென்றுதான் போனேன். சொல்லவில்லை.

19 நவம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன். தேநீர் ஊற்றுவதற்கு முன், சப்பாத்துகூடக் கழற்றாமல்.

"அபிஷேக், நோய் நர்சரியிலை இருந்து வரேல்லை. நான் கொண்டு வந்தனான்."

பரிஸ், துவாய், பாண் பை, பன்னிரண்டு குச்சி, எந்தெந்த மரம், எந்தெந்தக் கொப்பு, எல்லாம் சொன்னேன். முடிந்ததும் அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: இது எப்போதிலிருந்து எனக்குத் தெரியும்? ஒக்டோபர் ஒன்பது என்றேன். விரல் விட்டு எண்ணினார்.

"நாப்பத்தோரு நாள். அந்தம்மா அழுதுட்டு இருந்தப்ப நீங்க பக்கத்துல நின்னு கையுறை கழுவிட்டு இருந்தீங்க அக்கா."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு யாரோ செய்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடும்போது அப்படி இல்லை.

23 நவம்பர், சனி

பெர்னடெற் அக்காவுக்கு வேறு யாரும் சொல்லுமுன் நான் சொல்லவேண்டும் என்று ஸ்ட்ரெதமுக்குப் போனேன். மாதா கோவில் விற்பனைக்குப் பற்றிஸ் பலகாரம் செய்துகொண்டிருந்தார். மரம் வெட்டப் போகிறார்கள் என்பது தெரியும். நோய் காற்றோடு வந்தது என்று நினைத்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவருடைய கை மாவை மடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"ஒட்டுக் கட்டேக்கை தெரியுமோ, கூடாதெண்டு?"

"ஓம் அக்கா. தெரியும்."

"பெரிய காய் வேணுமெண்டு நான் உன்னட்டைக் கேட்டனானே?"

இதுவரை என்னை நீர் என்றுதான் கதைத்தவர், இன்று நீ ஆகிவிட்டேன். இல்லை அக்கா, நீங்கள் கேக்கேல்லை என்றேன்.

"எனக்கு அந்தச் சின்னக் காய் போதும். அவளின்ரை மரம் காய்க்குதெண்டதே காணும்."

மன்னிப்புக் கேட்டேன். என்ன சொல்லிக் கேட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டு, போகேக்கை கதவைச் சாத்திப்போட்டுப் போ என்றார்.

24 நவம்பர், ஞாயிறு

படுத்தே கிடந்தேன்.

6 டிசம்பர், வெள்ளி

நர்சரியின் கன்றுகளைச் சோதித்துவிட்டார்கள். நோய் இல்லை. விற்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நாலு கிழமைக்கு மேல் சும்மா போயிருக்கிறது அவர்களுக்கு. நர்சரியிலிருந்து என் பெயரைக் கேட்டார்களாம், அபிஷேக் கொடுக்கவில்லை.

எனக்கு அரசாங்கத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம். இவர் அதை நாலைந்து தரம் வாசித்துவிட்டு மடித்துத் தன் பாஸ்போட்டுக்குள் வைத்தார். வேலை தை மாத முடிவோடு சரி. அதுவரைக்கும் வைத்திருப்பது மரங்களைச் சரியாக அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்பதால்.

13 ஜனவரி 2025, திங்கள்

முப்பத்தெட்டுக்கும் இலக்கம் போட்டேன், செம்மஞ்சள் பெயின்ற்றால். ஜெஸ்ரினின் மரத்தில் பெயர்ப் பலகை இருந்தது. அதைக் கழற்றி, கழுவி, பேப்பரில் சுற்றி அபிஷேக்கிடம் கொடுத்தேன். அக்காவிடம் கொடுக்கும்படி. நான் கொண்டுபோனால் வாங்கமாட்டார்.

21 ஜனவரி, செவ்வாய்

வெட்டு தொடங்கியது. ஏழு பேர், மூன்று மெஷின். சின்ன மரங்கள் ஒன்று பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. ஜெஸ்ரினின் மரம் பதினொன்றாவது. தூர நின்று பார்ப்பது சரியில்லை என்று பட்டது. கிட்டப் போய் நின்றேன். மரத்தூள் வாய்க்குள் போனது.

23 ஜனவரி, வியாழன்

இன்று கிழ மரங்கள். வெட்டுமுன் பொந்துகளுக்குள் கமரா விட்டு வௌவால் இருக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்திருந்தார்கள். கண்ட ஒன்பதைப் பெட்டிக்கு மாற்றினார்கள். ஆனாலும் மூன்றாவது மரம் விழுந்து பிளந்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு வெடிப்புக்குள் இன்னும் ஐந்து. குளிரில் நித்திரையில் இருந்தவை. மூன்று செத்துவிட்டன. இரண்டை அபிஷேக் தன் தொப்பிக்குள் வைத்து, மூச்சு விடவும் பயந்தவர் போலக் கொண்டுபோனார். ஒன்று பின்னேரம் செத்தது.

ஒன்பது வருடம் செத்த கொப்பைக்கூட வெட்டவிடாமல் காவல் இருந்தவள் நான்தானே. நான்தானே—

31 ஜனவரி, வெள்ளி

கடைசி நாள். அடிக்கட்டைகளை மெஷினால் அரைத்து முடித்தார்கள். கட்டை தளிர்த்தால் நோயும் தளிர்க்கும். நெருப்பு ஆறு நாளாக எரிந்து அடங்கிவிட்டது. தோலெல்லாம் புகை மணம். கேற்றுப் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன். அபிஷேக் கேற் வரைக்கும் வந்தார். நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது அக்கா என்றார். பாராட்டா, கோபமா, தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

7 ஏப்ரல், திங்கள்

ஹோம் கெயர் வேலை கிடைத்திருக்கிறது. நாலு கிழடுகள், நாலு வீடு. ஒருவருக்கும் தோட்டம் இல்லை.

11 ஒக்டோபர், சனி

புதன்கிழமை பெர்னடெற் அக்கா போன் எடுத்தார். பதினொரு மாதத்தில் முதல் தடவை. சுகம் கேட்கவில்லை. வருகிற கிழமை ஜெஸ்ரினின் நினைவு நாளாம். மரம் நின்ற இடத்துக்குப் போக நினைத்தாராம். "எனக்கு இடம் பிடிபடேல்லை. எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. அபிஷேக்குக்கும் சரியாத் தெரியேல்லை. நீ வந்து காட்டு."

இன்று போனேன். செஸ்நட் நின்ற இடமெல்லாம் இப்போது ஹேசல், ஹோன்பீம் மரக்கன்றுகள், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் குழாய்க்குள். நடுவில் புல். அக்கா கேற்றடியில் நின்றார். மெலிந்துவிட்டார். நான் வேலி மூலையில் தொடங்கி, முள்மரத்தை நேரே பார்த்து இருபத்திரண்டு அடி எடுத்து வைத்தேன். பிறகு இடது பக்கம் நாலு. அங்கே மண் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. குனிந்து புல்லை விலக்கினால் அரைத்த மரத்தூள், கறுத்துப்போய்.

"இதிலை அக்கா."

வந்து நின்று நிலத்தைப் பார்த்தார். நான் விலகி நடக்கத் தொடங்கினேன். முதுகுக்குப் பின்னால் கேட்டார்:

"பலகை எந்தப் பக்கம் இருந்தது?"

"வடக்கை அக்கா. உங்கடை வலது கைப் பக்கம்."

அவர் சுற்றி வந்து வடக்குப் பக்கமாக நின்றார். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, நிற்கச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். மழை தூறத் தொடங்கியதும் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.